பெரியவள், சின்னவள், ஒரு மளிகைக்கடைக் காலண்டர்: 5 வயது வரை வளர்ச்சியைக் கவனிக்க முழுமையான வழிகாட்டி

பெரியவள் முதன்முதலில் நடந்தது எப்போது என்று எங்கள் வீட்டில் ஒரு பழைய வழக்கு உண்டு. நான் பத்து மாதம் என்பேன். மனைவி பதினொன்று என்பாள். மாமியார் ஒரேயடியாக மறுப்பார்: "கேக் வெட்டுன அன்னைக்குத்தான் மாப்பிள்ளை நடந்தா. என் கையில வந்துல்ல விழுந்தா." வழக்கு தீராமல் கடைசியில் செல்போனைத் துழாவினோம். வீடியோவில் தேதி இருந்தது. 11 மாதம் 9 நாள்.

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பொய்யான "பத்து மாதம்" சின்னவள் விஷயத்தில் எங்களை மூன்று மாதம் தூங்கவிடாமல் செய்தது. அவளுக்கு ஒரு வயது முடிந்தும் பிடிக்காமல் நிற்கவில்லை. "அக்கா பத்து மாசத்துலயே நடந்தாளே" என்று வருகிறவர்களிடமெல்லாம் நானே புலம்பினேன். இல்லாத ஒரு அளவுகோலை வைத்து இருக்கிற குழந்தையை அளந்தேன்.

பெரியவளுக்கு இப்போது ஆறு வயது, சின்னவளுக்கு மூன்றரை. இதற்கிடையில் நான் கற்றுக்கொண்ட முறையை வரிசையாகச் சொல்கிறேன். நான் மருத்துவன் இல்லை. பார்த்து எழுதிவைக்கும் அப்பா, அவ்வளவுதான்.

முதல் படி: எழுதிவைக்க ஓர் இடம்

செயலி, அழகான பேபி ஆல்பம் எல்லாம் முயன்று பார்த்தாயிற்று. இரண்டாவது வாரமே நின்றுவிடும். நிலைத்தது சமையலறைச் சுவரில் தொங்கும் மளிகைக்கடைக் காலண்டர்தான். ராகுகாலம், எமகண்டம் போட்ட கட்டத்தில் மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு வரி. பெரியவளுக்குச் சிவப்புப் பேனா, சின்னவளுக்கு நீலம். பேனா காலண்டரிலேயே நூலில் கட்டித் தொங்க வேண்டும். தேடவேண்டிய பேனாவால் யாரும் எழுதமாட்டார்கள். வருடம் முடிந்ததும் காலண்டரைச் சுருட்டிப் பீரோவில் வைத்துவிடுங்கள், பரணில் போட்டால் கரையான்.

எழுதும்போது முடிவை எழுதாதீர்கள், பார்த்ததை எழுதுங்கள். "நடந்தாள்" என்று எழுதினால் நாளைக்கு அதற்கு அர்த்தமில்லை. "பீரோவிலிருந்து கட்டில் வரை, எதையும் பிடிக்காமல், 6 எட்டு. பார்த்தது: அம்மாச்சி" என்று எழுதினால் ஆயுசுக்கும் நிற்கும்.

எங்கள் வழக்கின் ரகசியமும் இதில்தான் இருந்தது. மூன்று பேரும் மூன்று வெவ்வேறு காரியத்தை "நடந்தாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நான் பார்த்தது இரண்டு எட்டு வைத்துப் பொத்தென்று உட்கார்ந்ததை. மாமியார் பார்த்தது கூடத்தைக் கடந்து வந்ததை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தனியாக நடப்பது என்றால் பிடிமானமில்லாமல் குறைந்தது 5 எட்டு. தனியாக உட்காருவது என்றால் கையை ஊன்றாமல், தலை நிமிர்ந்து 10 விநாடி. தனியாக நிற்பதற்கும் 10 விநாடிதான். இந்த மூன்றையும் காலண்டரின் முதல் தாளில் எழுதி ஒட்டிவிட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் தகராறு இல்லை.

இரண்டாவது படி: வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள்

நிறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். 37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு வயதுக் கணக்கு இரண்டு உண்டு. ஒன்று பிறந்த தேதியிலிருந்து எண்ணுவது. இன்னொன்று, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணும் திருத்திய வயது.

சின்னவள் 34 வாரத்தில் பிறந்தாள். 40-ல் 34 போனால் 6 வாரம். அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்கும்போதெல்லாம் வயதில் 6 வாரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். பொதுவாக 2 வயது வரை இப்படிக் கழிக்கிறார்கள். 12 மாதத்தில் அவள் நிற்கவில்லை என்று நான் பதறியபோது அவளுக்கு உண்மையில் பத்தரை மாதம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: தடுப்பூசிக்கு இந்தக் கழித்தல் கிடையாது. அது பிறந்த தேதிப்படியே போட வேண்டும்.

மூன்றாவது படி: எடை, உயரம்

கர்ப்ப காலத்தில் கொடுக்கும் தாய் சேய் அட்டையில் வளர்ச்சி வரைபடம் இருக்கும். இளஞ்சிவப்பு பெண் குழந்தைக்கு, நீலம் ஆண் குழந்தைக்கு. அவசரத்தில் நீலத்தில் புள்ளி வைத்துவிடுகிறவர்கள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். பச்சைப் பட்டைக்குள் இருந்தால் நல்லது. மஞ்சள் எடைக்குறைவு, ஆரஞ்சு கடுமையான எடைக்குறைவு.

பெண் குழந்தைகளின் நடு அளவு இப்படிப் போகும்: பிறக்கும்போது 3.2 கிலோ, 6 மாதத்தில் 7.3, ஒரு வயதில் 8.9, இரண்டு வயதில் 11.5, ஐந்து வயதில் 18.2. நடு அளவு என்றால் பாதிக் குழந்தைகள் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். "8.9 வரலையே" என்று பருப்பு நெய்யைத் திணிக்க வேண்டியதில்லை. ஒரு வயதில் 7 கிலோவுக்குக் கீழே போனால்தான் மஞ்சள்.

ஒற்றைப் புள்ளியைப் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள். சின்னவள் எப்போதும் நடுக்கோட்டுக்குக் கீழேதான், ஆனால் அவள் கோடு ஒரே சீராக ஏறும். ஏறிக்கொண்டிருந்த கோடு படுத்தாலோ இறங்கினாலோதான் விசாரிக்க வேண்டும்.

அப்படி விசாரித்ததில் நான் அசடு வழிந்த கதையும் உண்டு. ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போன இடத்தில் எடை 400 கிராம் குறைந்துவிட்டது என்றார்கள். வீட்டில் ஒரே அழுகை. மறுநாள் அங்கன்வாடியில் நிறுத்து, அங்கே இருந்த பழைய கணக்கோடு பார்த்தால் குறையவே இல்லை. அதற்கு முந்தைய மாதம் ஒரு கிளினிக்கில் பட்டுப்பாவாடை, கொலுசு, ஈர டயப்பர் சகிதம் நிறுத்திருந்தோம். எனவே விதி: ஒரே தராசு, உடுப்பில்லாமல், மாதம் ஒருமுறை. அங்கன்வாடியில் மாதாமாதம் நிறுப்பார்கள், காசு கிடையாது.

உயரத்தை 2 வயது வரை படுக்கவைத்து அளக்க வேண்டும், அப்புறம் நிற்கவைத்து. நிற்கும்போது அளவு ஒரு செ.மீ.க்குள் குறைந்துவரும். குழந்தை சுருங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

நான்காவது படி: முதல் வருடம், உடம்பு

நம் பாட்டிகளிடம் இதற்கு வார்த்தைகள் எப்போதோ தயார்: முகம் பார்த்துச் சிரிப்பது, கழுத்து நிற்பது, குப்புற விழுவது, தவழ்வது, தத்தித் தத்தி நடப்பது. எங்கள் வீட்டில் குப்புற விழுந்தால் கொழுக்கட்டை, வாசற்படி தாண்டினால் பாயசம். பெரியவள் குப்புற விழுந்த தேதி எனக்கு இன்றைக்கும் தெரியும், கொழுக்கட்டைக்கு அரிசிமாவு வாங்கிய கணக்கு நோட்டில் இருக்கிறது.

புலவர்களும் கவனித்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழில் பருவங்கள் பத்து. ஐந்தாம் மாதம் செங்கீரை: கையை ஊன்றி, தலை தூக்கி, கீரைத்தண்டுபோல் ஆடுவது. ஒன்பதில் சப்பாணி: கை கொட்டுவது. ஓராண்டை ஒட்டி வருகை: நடந்து வா என்று அழைப்பது. மாதக் கணக்கு நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். ஆனால் இன்றைய குழந்தை மருத்துவரின் அட்டவணை பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய தூரமில்லை.

இனி எண்கள். இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான 816 குழந்தைகளைப் பின்தொடர்ந்து உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட கணக்கு இது. அநேகமாக எல்லாக் குழந்தைகளும் இந்த இடைவெளிக்குள் வந்துவிடுகிறார்கள்:

- தனியாக உட்காருவது: 3.8 முதல் 9.2 மாதம்
- பிடித்துக்கொண்டு நிற்பது: 4.8 முதல் 11.4
- கை, முழங்கால் ஊன்றித் தவழ்வது: 5.2 முதல் 13.5
- பிடித்துக்கொண்டு நடப்பது: 5.9 முதல் 13.7
- தனியாக நிற்பது: 6.9 முதல் 16.9
- தனியாக நடப்பது: 8.2 முதல் 17.6

கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். எட்டு மாதத்தில் நடப்பதும் சரி, பதினேழரை மாதத்தில் நடப்பதும் சரி. ஒன்பது மாத இடைவெளி! இது தெரிந்திருந்தால் நான் அந்த மூன்று மாதம் தூங்கியிருப்பேன்.

சின்னவள் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே ஒரு காலை மடித்து, மறு காலால் உந்தி, தரையைத் துடைத்துக்கொண்டே போவாள். பாவாடையின் பின்பக்கம் மட்டும் கிழியும். அந்த ஆய்வில் சுமார் 4 சதவீதக் குழந்தைகள் முழங்கால் ஊன்றித் தவழாமலே நடந்துவிட்டார்கள். இப்படித் தேய்த்து நகரும் குழந்தைகள் பெரும்பாலும் கொஞ்சம் தாமதமாகத்தான் நடப்பார்கள். இவள் 15 மாதம் 10 நாளில் நடந்தாள். திருத்திய வயதில் கிட்டத்தட்ட 14 மாதம்.

கைகளையும் பார்க்க வேண்டும், காலைக் கொண்டாடும் அவசரத்தில் கையை விட்டுவிடுகிறோம். அதற்கு ஒரு இட்லித் துணுக்குப் போதும். ஏழு மாதத்தில் தட்டில் வைத்தால் ஐந்து விரலாலும் வாரி உள்ளங்கைக்குள் நசுக்குவாள். எங்கே போயிற்று என்று கையை விரித்துப் பார்ப்பாள். ஒன்பது, பத்து மாதத்தில் ஒருநாள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கிள்ளுகிற மாதிரி வரும். துணுக்கு நசுங்காமல் வாய்க்குப் போகும். பார்க்க ஒன்றுமில்லாத காரியம்தான், ஆனால் பின்னால் பென்சில் பிடிப்பதும் பட்டன் போடுவதும் இந்தக் கிள்ளலில்தான் தொடங்குகின்றன. அன்றையிலிருந்து தரையில் கிடக்கும் புளியங்கொட்டை, பொத்தான் எல்லாமும் வாய்க்குப் போகும் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நடைவண்டி பற்றி ஒரு வார்த்தை. தள்ளிக்கொண்டு போகும் பழைய மூன்று சக்கர மரவண்டி, குழந்தை தானாக எழுந்து நிற்க ஆரம்பித்தபின் சரிதான். நடுவில் உட்காரவைக்கும் சக்கர வாக்கர் வேண்டாம். நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, படியில் உருளும் ஆபத்து அதிகம். கனடாவில் 2004 முதல் அதன் விற்பனைக்கே தடை.

ஐந்தாவது படி: பேச்சு, அதற்கு முன் காது

இரண்டு மாதத்தில் "ங்கூ", ஆறேழு மாதத்தில் "பபப, தத்தத்தா", ஒரு வயதையொட்டி அர்த்தமுள்ள முதல் வார்த்தை, இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணாம்" என்று இரண்டு சொல் சேர்வது. இதுதான் பொதுவான பாதை. பேச்சைவிட முக்கியமானது ஒன்று உண்டு: பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதும், ஒரு வயதை ஒட்டி விரல் நீட்டிக் காட்டுவதும். நிலாவைக் காட்டிவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாளா? அந்தத் திரும்பிப் பார்த்தல் வார்த்தைக்குச் சமம்.

இரண்டாவது குழந்தையின் பேச்சை அளப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். சின்னவள் "ம்ம்" என்று கை நீட்டுவாள். உடனே அக்கா: "அப்பா, பாப்பாவுக்குத் தண்ணி வேணுமாம்." டம்ளர் வந்துவிடும். பேச வேண்டிய அவசியமே இல்லாத ராஜவாழ்க்கை. பதினெட்டு மாதத்தில் எத்தனை சொல் என்று மருத்துவர் கேட்டபோது எங்களுக்குப் பதில் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவளை அம்மாச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சின்னவள் எதிரில் உட்கார்ந்தேன். கை நீட்டினாள். நான் கொடுக்காமல் முகத்தைப் பார்த்தேன். முறைத்தாள். அக்காவைத் தேடிக் கதவைப் பார்த்தாள். பிறகு, "ண்ணீ" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் பதினொரு சொல் எழுதினேன். ஒன்றில்தான் தகராறு: "க்கா". அக்காவுக்கும் அதுதான், காக்காவுக்கும் அதுதான். ஒன்றா, இரண்டா? ஒரே பொருளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே ஒலியைச் சொன்னால் அது சொல்தான், மழலையாக இருந்தாலும் கணக்கில் சேரும். காகத்தைப் பார்த்து ஜன்னலைக் காட்டிச் சொல்கிறாள், அக்காவைப் பார்த்துச் சிரித்துச் சொல்கிறாள். இரண்டாகத்தான் எழுதினேன். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

பேச்சு தாமதம் என்று தோன்றினால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். குறைமாதக் குழந்தைக்கும் தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைக்கும் இது கட்டாயம். "அப்பனும் லேட்டாதான் பேசினான்" என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொல்வார்கள். கேட்டுக்கொண்டே பரிசோதனைக்குப் போய்விடுங்கள். நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவதால் பேச்சு வராது, பச்சைக்குழந்தைக்கு அது நல்லதும் இல்லை. ஒரு வயதுக்கு முன் தேனும் கூடாது.

18, 24 மாதங்களில் ஆட்டிசத்துக்கான 20 கேள்விகள் கொண்ட எம்-சாட் என்ற பட்டியலை மருத்துவரிடம் கேட்டுப் பூர்த்தி செய்வது நல்லது. ஐந்து நிமிட வேலை.

ஆறாவது படி: இரண்டு முதல் ஐந்து

இந்த வயதில் மாதக்கணக்கு வேண்டாம், விளையாட்டைப் பார்த்தாலே தெரியும். கோலப்பொடியும் வாசலும் இருந்தால் வேறு சோதனைச் சாதனம் எதற்கு? இரண்டு வயதில் ஒரு கோடு இழுப்பாள். மூன்றில் நாம் போட்ட வட்டத்தைப் பார்த்து வட்டம் போடுவாள், சுழி மூடாமல் போனாலும் சரி. நான்கில் கூட்டல் குறி. நாலரை, ஐந்தில் சதுரம். அதற்குப் பின்தான் முக்கோணம். பெரியவளுக்கு மூன்று வயதில் "அ" எழுதப் பழக்கி நோட்டையே கிழிக்கவைத்தோம். அந்தச் சுழியும் வளைவும் அந்த விரலுக்கு எட்டாதவை. ட, ப என்று நேர்க்கோட்டு எழுத்துகளில் தொடங்கியிருக்க வேண்டும், அதுவும் அவளாகக் கேட்டபிறகு.

கால்களுக்குப் படிக்கட்டு. மூன்று வயதில் படிக்கு ஒரு காலாக மாற்றி மாற்றி ஏறுவாள், அதே மாதிரி இறங்குவதற்கு நான்கு ஆகும். நான்கில் நொண்டியடிப்பாள், பாண்டி ஆட ஆள் கிடைத்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரிகள் அழைக்க வருவார்கள். மற்றபடி சொப்புச் சாமான் வைத்து இல்லாத சோற்றை ஆக்கி உங்களுக்கு ஊட்டுகிறாளா, கதையில் "அப்புறம்?" கேட்கிறாளா என்று பாருங்கள். போதும்.

ஏழாவது படி: இரண்டு பேரையும் ஒரே வீட்டில் கவனிப்பது

சின்னவள் பிறந்தபோது பெரியவளுக்கு இரண்டரை வயது. ராத்திரி டயப்பர் விட்டு மூன்று மாதமானவள் மறுபடி படுக்கையை நனைத்தாள். பால் புட்டி கேட்டாள். தங்கை மாதிரி "ங்கா" என்றாள். பயந்துபோனேன். பாப்பா வந்த வீட்டில் இது சகஜம், சில வாரத்தில் தானாகச் சரியாகும் என்றார் மருத்துவர். அப்படியே ஆயிற்று. அவளுக்குத் தினமும் இருபது நிமிடம், தங்கை இல்லாமல், என்னோடு மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை கொடுத்ததும் உதவியிருக்கலாம்.

காலண்டரில் சிவப்பையும் நீலத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் ஆசை வரும். எனக்கு இன்றும் வரும். அப்போது அக்காவின் தேதியைப் பார்க்காமல், மேலே உள்ள இடைவெளிக்குள் இருக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். திருவனந்தபுரத்தின் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய 17 வரி அட்டவணை இதற்கு அருமையானது. 0 முதல் 2 வயது வரை உள்ள அந்தத் தாளில் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு பட்டை இருக்கும். குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலை நிறுத்தி வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் பட்டை முழுதாக முடிந்துபோன காரியம் எதையாவது குழந்தை இன்னும் செய்யவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள்.

எட்டாவது படி: எப்போது காத்திருக்கக் கூடாது

- 3 மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை
- 5 மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை
- 10 மாதமாகியும் தனியாக உட்காரவில்லை
- 12 மாதமாகியும் பேருக்குத் திரும்பவில்லை, கை காட்டுதல், டாட்டா எதுவும் இல்லை
- ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறாள் (கெட்டிக்காரி என்று மகிழவேண்டாம், மறு கையைப் பரிசோதிக்கவேண்டும்)
- 18 மாதமாகியும் நடக்கவில்லை, அல்லது ஒரு சொல்லும் இல்லை
- 24 மாதமாகியும் இரண்டு சொல் சேரவில்லை
- எந்த வயதிலும், செய்துகொண்டிருந்ததை, பேசிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டாள்

கடைசியில் சொன்னதுதான் மிக அவசரம். பாப்பா பிறந்த பொறாமையில் படுக்கை நனைப்பது வேறு. பேசிய சொற்கள் மறைவதும் கண்ணைப் பார்ப்பது நிற்பதும் வேறு. இதற்கு அடுத்த மாதம் வரை பொறுக்காதீர்கள்.

எங்கே போவது? 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில் 18 வயது வரை இலவசப் பரிசோதனை உண்டு. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காலண்டரைக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு (சுருக்கமாக டி.இ.ஐ.சி.) எழுதிக்கொடுப்பார்கள். பெரிய அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேட்டால் வழி சொல்வார்கள். "நல்லா பார்த்துக்கிட்டேன் சார்" என்பதைவிடத் தேதி போட்ட ஐந்து வரி அங்கே அதிகம் பேசும். எங்கள் மருத்துவர் சின்னவளின் பதினொரு சொல்லையும் வரிசையாகப் படித்துவிட்டு "க்கா"வில் நின்று சிரித்தார்.

போன வாரம் காலண்டரில் நான் எழுதாத ஒரு வரியைப் பார்த்தேன். பெரியவள், ஸ்டூல் போட்டு ஏறி, எமகண்டத்தின் மேலேயே எழுதியிருந்தாள். நீலப் பேனாவைச் சரியாக எடுத்திருந்தாள்: "பாப்பா ஒத்தக் கால்ல நின்னா. 3 எண்ர வரைக்கும். பாத்தது நான்."